அசனக் குழம்பும் சுகிர்தத்தின் முழங்காலும்

நல்வாக்குபுரம் கோயிலில் பாவ அறிக்கை சொல்லி முடித்து சபையார் அத்தனை பேரும் முழங்காலிலிருந்து எழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் சுகிர்தம் மட்டும் எழவில்லை. எழக்கூடாது என்று அவள் ஒன்றும் பிடிவாதம் பிடிக்கவில்லை. முட்டி இரண்டும் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டன, அவ்வளவுதான். பாடகர் குழு பாடியது, சபைக் குருவான அய்யர் பிரசங்கம் பண்ணினார், காணிக்கைப் பை வந்து போனது, ஆசீர்வாதம் கூறியாயிற்று, வாசலில் செருப்புத் தேடுகிற சத்தமும் கேட்டு அடங்கியது, அவள் மட்டும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அதே இடத்தில் முழங்காலில் இருந்தாள்.

கோயிலைப் பெருக்குகிற அன்னபாய்தான் முதலில் வந்து பார்த்தாள். "என்னக்கா, இன்னுமா ஜெபம் முடியல? நான் பூட்டிட்டுப் போய் உலை வைக்கணும்லா?"

"எந்திக்க வரலட்டி," என்றாள் சுகிர்தம். "அவியளக் கூப்பிடு."

அவியள் என்றால் புருஷன் ஏசுவடியான். அவர் வந்து கையைப் பிடித்துத் தூக்கினார், வரவில்லை. பாடகர் குழுவிலிருந்து நாலு தடிப்பயல்கள் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள், "ஏ பாவிப் பயலுவளா, தோள்பட்டை கழண்டுரும்டே" என்று அவள் கத்தினதுதான் மிச்சம். இறுகிப்போன வளையலைக் கழற்றுகிற மாதிரி சோப்புத் தண்ணி விட்டுப் பார்த்தார்கள், விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். கொத்தனார் பால்தங்கம் வந்து தட்டிப் பார்த்து, கல்லைப் பெயர்த்தால் அம்மாவும் கல்லோடு வந்துவிடுவாள் என்றார், ஆனால் அது சிங்கப்பூரில் இருக்கிற ஒரு குடும்பம் தங்கள் அப்பா நினைவாகப் பேர் வெட்டிப் போட்டுக் கொடுத்த கல், அதை உடைக்கக் கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. டவுனிலிருந்து வந்த எலும்பு டாக்டர் அமுக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, முட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டு, புறப்படும்போது எதற்கும் இருக்கட்டும் என்று, தன் மகள் பரீட்சை எழுதப்போகிறாள், ஒரு வார்த்தை ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. படித்த டாக்டரே ஜெபிக்கச் சொல்லிவிட்டார் என்றால் இது சுளுக்குமல்ல வாதமுமல்ல, வேறு காரியம் என்று சபைச் செயலாளர் செல்வின்துரை கோயில் வாசலில் நின்று சொன்னார். "ஆண்டவரு அவளப் புடிச்சு வச்சிருக்காருடே. போகாதே, ஜெபம் பண்ணுன்னு வச்சிருக்காரு. பெண்கள் ஐக்கிய சங்கத்த இத்தனை வருஷமா நடத்துறது யாரு? உபவாசக் கூட்டம் நடத்துறது யாரு? நம்ம முழங்கால எல்லாம் புடிச்சு வைப்பாரா? வச்சா என்ன லாபம் அவருக்கு?" ஊருக்கு அது நியாயமாகப் பட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மறுநாள் பொழுது சாய்வதற்குள் சுகிர்தம் பரிசுத்தவாட்டி ஆகிவிட்டாள்.

சுகிர்தத்துக்கு மட்டும்தான் தெரியும், அது அப்படியில்லை என்று.

போன வருஷத்து அசனம். ஊரே ஆட்டுக்கிடாவும் அரிசியும் காய்கறியுமாகக் கொண்டுவந்து கொட்டி, கோயில் வளாகத்தில் ஒன்றாகச் சமைத்து, உள்ளவன் இல்லாதவன் பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் அது. வருஷா வருஷம் கறிக்குழம்பு தவமணியக்கா பொறுப்பு. சுகிர்தத்துக்குச் சின்னப் பிள்ளையிலிருந்தே பக்கத்து வீட்டு அக்கா, பாடகர் குழுவிலும் பக்கத்தில் நின்று பாடுகிறவள். வருஷா வருஷம் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்துக் கண்ணீரும் சளியுமாய் நின்றது சுகிர்தம், கடைசியில் ஏப்பம் விட்டு எழுந்திருக்கிறவன் எல்லாம் சொல்வது, "தவமணி கை தவமணி கைதான்!" வெங்காயத்துக்கு யார் பேர் வைத்தார்கள்? அந்த வருஷம் தவமணியின் புருஷன் இறந்து நாலைந்து மாசம்தான் ஆகியிருந்தது, அந்தத் துக்கத்தோடும் அவள் வந்து கரண்டி பிடித்தாள் என்று ஆளாளுக்கு உருகினார்கள். அந்த உருக்கம் சுகிர்தத்துக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது. குழம்புக்கு உப்புப் போட்டு ருசி பார்த்துவிட்டுத் தவமணி முகம் கழுவப் போனாள். கல்லுப்புச் சட்டி பக்கத்திலேயே இருந்தது. யாரும் பார்க்கவில்லை. சுகிர்தம் இரண்டு கையாலும் அள்ளினாள், போட்டாள், கரண்டியால் கிண்டியும் விட்டாள். கை தானாகப் போய்விட்டது என்று பிற்பாடு எத்தனையோ தடவை தனக்கே சொல்லிப் பார்த்தாள். தானாகப் போன கை கிண்டியும் விடுமா?

உருளைக்கிழங்கைப் போட்டார்கள், சோற்று உருண்டையைப் போட்டார்கள், தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள், ஒன்றுக்கும் அடங்கவில்லை. பந்தியில் ஆயிரம் இலையில் குழம்பு அப்படியே கிடந்தது. உப்பைத் தின்றவன் தண்ணி குடிக்கணும்லா என்று வாலிபப் பிள்ளைகள் கிண்டலடித்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்கள். "பாவம், புருஷன் நெனப்புல ரெண்டு தடவ போட்டுட்டா," என்றார்கள் பெண்கள். "இனிமே அவ கையில கரண்டி குடுக்காண்டாம்," என்றார்கள் ஆண்கள். தவமணி தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் அவள் கோயிலுக்கு வரவில்லை. சுகிர்தமும் அன்றிலிருந்து தன் வீட்டு அடுப்பில் உப்பைத் தொடவில்லை. ஏசுவடியான் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் தன் சோற்றுக்குத் தானே உப்புப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

ஞாயிறு தவறாமல் பாவ அறிக்கை சொல்லும்போது, செய்ததையெல்லாம் அறிக்கையிடுகிற அந்த இடம் வரும்போது, சுகிர்தம் பொய் சொன்னது, புறணி பேசினது, பால்காரியைத் திட்டினது எல்லாவற்றையும் மனதில் வரிசையாக எடுத்து வைப்பாள், உப்பை மட்டும் தாண்டிப் போய்விடுவாள், வழியில் கிடக்கிற பாம்பைத் தாண்டுகிற மாதிரி. ஒரு வருஷம் அப்படித் தாண்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் இந்த வருஷத்து அசனக் குழம்புக்கு சுகிர்தம் பொறுப்பு என்று சங்கத்தில் முடிவு பண்ணினார்கள். முழங்காலில் நிற்கும்போது அவளுக்கு உப்பு ஞாபகம் வந்தது, கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது, அந்தச் சந்தோஷம் உள்ளே இனித்துக்கொண்டிருந்தபோதுதான் முட்டி பிடித்துக்கொண்டது.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட விதம்தான் விதம். பெண்கள் முறை வைத்து வந்து சேலையால் சுற்றி மறைப்புக் கட்டி, குளிப்பாட்டி, வேண்டிய ஒத்தாசை எல்லாம் செய்தார்கள். சாய்ந்து தூங்குவதற்கு பெஞ்சில் தலையணை அடுக்கி முன்னால் போட்டார்கள். அன்னபாய் அவளைச் சுற்றிப் பெருக்கப் பழகிக்கொண்டாள், பாடகர் குழு அவளைச் சுற்றி நிற்கப் பழகிக்கொண்டது, கல்யாண வீட்டார் மாப்பிள்ளை பெண்ணோடு அவளும் போட்டோவில் விழுகிற மாதிரி நிறுத்தி எடுக்கப் பழகிக்கொண்டார்கள். காய்ச்சல் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவள் சேலை நுனியில் கிடத்தினார்கள். மாத்திரையும் கொடுத்திருந்தார்கள், ஆனாலும் காய்ச்சல் விட்டதற்குப் பேர் அவளுக்குத்தான் போனது. மினி பஸ் கண்டக்டர் நல்வாக்குபுரம் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, "முழங்கால் கோயிலெல்லாம் இறங்கு" என்று கூப்பிட ஆரம்பித்தான். வாசலில் அவள் படம் போட்டு ஆளுயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். செல்வின்துரை கூட ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபிறகு, "எனக்கும் புடிச்சுக்கிட்டு" என்று முழங்காலிலேயே இருந்து பார்த்தார். மத்தியானம் வெளியே பிரியாணிப் பொட்டலம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பிடிப்பு விட்டுவிட்டது.

சுகிர்தத்துக்குக் கண்ணெல்லாம் வருகிறவர்கள் மேல்தான். வருகிற ஒவ்வொரு ஆளின் முகத்தையும், இவருக்குத் தெரிந்துவிட்டதோ, இவள் அன்றைக்கு அடுப்படிப் பக்கம் நின்றாளோ என்று பார்த்தாள். தலையில் கை வைக்கச் சொல்லி யாராவது குனிந்தால், அந்தக் கையா, இந்தக் கையா என்று இரண்டையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள். அதே நேரம் எவளாவது ஒருத்தி, "எம் பிள்ளைக்கு ஒங்க ஜெபத்துலதாம்மா வேல கெடச்சுது" என்று காலில் விழுவாள். இத்தனை பேர் விசுவாசம் இதில் நிற்கிறதே, இதைக் கெடுத்தால் அதுவும் பாவம்தானே என்று உள்ளுக்குள் ஒரு குரல் தேனாகப் பேசும். அது யார் குரல் என்றும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் காது கொடுத்தாள். அதைவிட மோசம், சில சமயம் அவளுக்கு இது பிடித்தும் இருந்தது. வெங்காயத்துக்குக் கிடைக்காத பேர் முழங்காலுக்குக் கிடைத்ததே! அந்த நினைப்பு வந்தவுடன் பயந்து, "ஆண்டவரே, என்னை எந்திக்க வையும், ஆனா சொல்ல மட்டும் வைக்காதேயும்" என்று ஜெபிப்பாள், முட்டி இன்னும் கொஞ்சம் இறுகும்.

ஒரு நாள் வேதமாணிக்கம் அய்யர் தனியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சின்ன வயசுக்காரர். கூட்டம் சேரச் சேர அவர் மட்டும் மெலிந்துகொண்டே போனார்.

"அம்மா, எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னு இருக்கா?"

"ஒண்ணுமில்ல அய்யா. தோத்திரம்."

"எனக்கென்னவோ, புடிச்சு வைக்கிறது வேற, பூட்டிப் போடுறது வேறன்னு தோணுது." அவர் எழுந்து போனார். அன்று முழுக்க அவள் யார் தலையிலும் கை வைக்கவில்லை.

ஏசுவடியான் மூன்று வேளையும் கஞ்சி கொண்டுவந்தார். கூடவே ஒரு தாளில் உப்பு மடித்துக் கொண்டுவருவார். அவள் அதைப் பிரிக்காமலே குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள், அவர் மறுபடியும் மறுநாள் கொண்டுவருவார். "எதுவா இருந்தாலும் சொல்லிரு சுகிர்தம்," என்றார் ஒரு தடவை, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல். "நா உம் புருஷன்தானே?" அவள் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

லெந்து காலத்து நாற்பது நாள் உபவாசம் முடிந்து அசனம் நெருங்கியது. விறகு வந்து இறங்கியது, அண்டா கழுவிக் கவிழ்த்தார்கள். அப்போதுதான் அன்னபாய் பெருக்கிக்கொண்டே சொன்னாள்: "தவமணியக்கா மகங்கிட்ட பம்பாய்க்குப் போறாவளாம். வீட்டப் பூட்டிட்டு ஒரேயடியாப் போறாவளாம். அசனத்து வாசன மூக்குல படறதுக்கு முன்னால போயிரணும்னு சொல்லுதாவ, பாவம்."

சுகிர்தத்துக்கு முதலில் வந்தது ஒரு பெருமூச்சு. அப்பாடா! அவள் போய்விட்டால் இனி இந்த உப்பைக் கேட்க ஊரில் ஆளில்லை. அதற்கப்புறம் ஆண்டவரிடம் ரகசியமாகச் சொல்லிக்கொள்ளலாம், அவர் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறார்? இப்படி நினைத்தாள். ஒரு மனுஷியை ஊரைவிட்டே துரத்திவிட்டு அப்பாடா என்கிறேனே, நான் என்ன ஜென்மம் என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அழுதாள். அழுதாலும், தவமணியைக் கூப்பிட்டு விடு என்று அன்னபாயிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

கூப்பிடாமலே தவமணி வந்தாள். மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம். கையில் துணிப்பை, பஸ் ஏறப் போகிற கோலம். ஒரு வருஷத்துக்குப் பிறகு கோயில் படி ஏறுகிறவள் மாதிரி இல்லாமல் வேகமாக வந்து, சுகிர்தத்தின் பக்கத்தில் முழங்கால் போட்டாள்.

"ஏட்டி சுகிர்தம். எனக்காக ஒரு ஜெபம் பண்ணு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"என்னக்கா ஜெபம்?"

தவமணி வலது கையை நீட்டிக் காட்டினாள். "இந்தக் கைக்காக. ஊரு சாப்பிடுற சாப்பாட்டக் கெடுத்த கை. ரெண்டாந்தடவ எப்பப் போட்டேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், ஞாபகமே வரல. அவிய போன துக்கத்துல புத்தி பெரண்டு போச்சுன்னு நெனைக்கேன். இப்பல்லாம் ஒரு காப்பி போடக்கூடப் பயமா இருக்கு, சீனிக்குப் பதில் வேற எதையாவது போட்டுருவேனோன்னு. மருமக வீட்டுல போய் நான் என்ன செய்வேன்? ஒன் ஜெபத்தக் கர்த்தர் கேக்காருன்னு சொல்லுதாவ. இந்தக் கைய மன்னிக்கச் சொல்லு."

சுகிர்தம் அந்தக் கையைப் பார்த்தாள். ஜெபித்துவிட்டு அனுப்பிவிடு என்றது தேன் குரல். அவள் மனசும் ஆறும், பஸ்ஸும் போகும். உதடு 'அன்புள்ள பிதாவே' என்று ஆரம்பிக்கவும் செய்தது. அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"அது ஒங்க கையில்ல," என்றாள். "எங் கை. நீங்க முகங்கழுவப் போனப்ப நாந்தான் போட்டேன். ரெண்டு கை நெறய. கிண்டியும் விட்டேன். எல்லாரும் ஒங்களையே சொல்லுதாவளேன்னு பொறுக்கல யக்கா எனக்கு. ஒங்க புத்திக்கு ஒண்ணுமில்ல. ஒண்ணுமேயில்ல."

சொன்ன வேகத்தில் அவள் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். முட்டி இரண்டும் கல்லை விட்டிருந்தன. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கன்றுக்குட்டி மாதிரி காலை உதறி உதறி எழுந்து நின்றாள்.

 தவமணி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, மன்னிச்சிட்டேன் போ," என்றாள், காய்கறிக்காரனுக்குப் பதில் சொல்கிற மாதிரி. பையை எடுத்துக்கொண்டு எழப் போனாள்.

எழ வரவில்லை.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ் போகிற சத்தம் கேட்டது. அதற்குள் சாப்பிடப் போன கூட்டம் திரும்பிவிட்டது, சுகிர்தம் நிற்பதையும் தவமணி முழங்காலில் இருப்பதையும் பார்த்தவுடன் செல்வின்துரை இரண்டு கையையும் தூக்கி, "தோத்திரம்! இவள விட்டுட்டு அவளப் புடிச்சிட்டாருடே! போன வருஷக் குத்தத்த மன்னிச்சு ஏத்துக்கிட்டாருடே!" என்று கூவினார். பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ தவமணியின் தலைக்கு முக்காடு இழுத்துவிட்டார்கள். அந்தப் பொய் எவ்வளவு அழகாக, யாரும் கேட்காமலே, தைத்து மடித்துத் தட்டில் வைத்தது போல் சுகிர்தத்தின் முன்னால் வந்து நின்றது! வாயைத் திறக்கவேண்டாம், சும்மா வீட்டுக்கு நடந்து போனால் போதும், பரிசுத்தவாட்டியாகவே போகலாம், தவமணிக்கும் போன மானம் திரும்பிவிடும். தவமணி தலையைத் தூக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுகிர்தத்தின் கால் வாசலைப் பார்த்து இரண்டு எட்டு வைக்கவும் செய்தது.

வாசலில் ஏசுவடியான் கஞ்சித் தூக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

அவள் திரும்பினாள். "குழம்புல உப்பள்ளிப் போட்டது நான்," என்றாள், கோயில் முழுக்கக் கேட்கிற குரலில். "பொறாமையில போட்டேன். என்னைய யாரும் ஜெபத்துக்குப் புடிச்சு வைக்கல. மறைச்சதுக்குத்தான் மாட்டிக்கிட்டேன்."

குலவை பாதியில் நின்றது. அப்புறம் என்ன, ஊர் ஊர்தானே! காலில் விழுந்தவளே காறித் துப்பினாள். "அதுல ஒரு கிடா எங் கிடாட்டி!" என்று ஒரு பெரியவர் அழாத குறையாகக் கத்தினார். ஃப்ளெக்ஸைக் கிழித்து, அசனத்துக்கு வந்த விறகை மூடிவைத்தார்கள். வேதமாணிக்கம் அய்யர் மட்டும் அன்றிரவு நன்றாகத் தூங்கினார் என்று அய்யரம்மா சொன்னாள். அசனத்தில் சுகிர்தம் வெங்காயம் உரித்தாள், பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

தவமணி இந்தத் தடவை யாருக்கும் பரிசுத்தவாட்டி இல்லை. வாய் மன்னித்ததை மனசு மன்னிக்காமல்தான் அவள் மாட்டிக்கொண்டாள் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைக் குறையாகவும் சொல்லவில்லை. ஜெபம் கேட்டு ஒருவரும் வரவில்லை. அவளைப் பார்க்கிறவர்கள் தங்கள் அண்ணன் தம்பியையும் வாய்க்கால் வரப்புச் சண்டையையும் நினைத்துக்கொண்டு, முழங்கால் போடப் பயந்து, சுவரோரமாக நின்றபடியே ஜெபித்துவிட்டுப் போனார்கள். சுகிர்தம் தினமும் கஞ்சி காய்ச்சி, உப்பைத் தாளில் தனியே மடித்துக் கொண்டுபோய் வைத்தாள். தவமணி அதைத் தொடாமல் அன்னபாய் கொடுத்ததை வாங்கிக் குடித்தாள். வைத்த கஞ்சியைச் சுகிர்தம் சாயங்காலம் எடுத்துப் போவாள், காலையில் புதிதாகக் கொண்டுவருவாள்.

மழை பிடித்திருந்த ஒரு நாள் அன்னபாய் வரவில்லை. தவமணி கஞ்சித் தூக்கைப் பார்த்தாள்.

"உப்புப் போட்டிருக்கியா?"

"இல்லக்கா. தாள்ல இருக்கு. நீங்களே போட்டுக்கிடுங்க."

தவமணி தாளைப் பிரித்துப் பார்த்து, அவள் பக்கம் தள்ளினாள். பிறகு, "நீயே போடு," என்றாள்.

 சுகிர்தம் ஒரு சிட்டிகை எடுத்தாள், பாதியைத் தாளிலேயே உதறினாள், மீதியைப் போட்டுக் கலக்கி நீட்டினாள். தவமணி வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். வாயில் வைத்திருந்து, ருசி பார்க்கிறவள் மாதிரி கண்ணை மூடினாள்.

"பத்தாது," என்றாள். "இன்னுங் கொஞ்சம் போடுட்டி."

அன்றைக்குத் தவமணியின் இடது முட்டி தரையை விட்டது. வலது முட்டி இன்னும் விடவில்லை. சுகிர்தம் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு, மறுநாள் கஞ்சிக்கு அரிசி ஊறப்போட மழையோடு மழையாக வீட்டுக்குப் போனாள்.